வீதி விபத்தும் நட்டஈடும்



கடுகண்ணாவை உச்சியில் வெண்ணிறக் கோபுரம் ஒன்று நிற்கிறது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. குதிரைக்கும் மாட்டு வண்டிக்குமென வெட்டப்பட்ட அந்த மலைவீதியில் இன்று பஸ்களும் பாரவண்டிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. வீதி அகன்றது, மலையின் சரிவோ அப்படியே இருக்கிறது.

இச்சரிவில் இறங்கும்போது தடுப்பை ஓயாது அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே அனுபவமுள்ள சாரதி தாழ்ந்த கியரிலேயே இறங்குவார். இதை அறிந்திருக்க வேண்டியவர் அறியாமலோ, அறிந்தும் பொருட்படுத்தாமலோ வண்டியைச் செலுத்திப் பிறருக்குத் தீங்கு விளைவித்தால், அதனைச் சட்டம் 'கவலையீனம்' என்கிறது. நியாயமும் நிதானமும் உள்ள ஒரு மனிதர் அந்த இடத்தில் எவ்வாறு நடந்திருப்பார் என்பதே மன்று கேட்கும் கேள்வி. சாரதி தம் தொழிலைச் செய்கையில் தவறினால், அவரை வேலைக்கு அமர்த்திய உரிமையாளரும் பொறுப்பாளியாவார்.

இந்தச் சட்டத்தின் வேர் மிகப் பழையது. பிறருடைய அடிமையையோ ஆடுமாடுகளையோ கொன்றவன் இவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என விதித்த உரோமரின் அக்குவிலியச் சட்டமே அது. ஒல்லாந்தர் வழியாக அது இலங்கைக்கு வந்தது. ஒல்லாந்தரால் நிலைத்து ஆள முடியாத கண்டியிலும் இன்று அவர்களுடைய சட்டப்படியே நட்டஈடு கணிக்கப்படுவது சரித்திரத்தின் விளையாட்டுத்தான்.

பொருள் இழப்பை எண்ணப் பிறந்த சட்டம் கண்ணீரை எண்ண அறியாதிருந்தது. உழைத்துக் காப்பாற்றிய தந்தை இறந்தால், மனைவியும் மக்களும் இழந்த ஆதரவுக்கு நட்டஈடு கேட்கலாம். ஆனால் கட்டுகஸ்தோட்டையில் மஞ்சட் கடவையைக் கடக்கும் பாடசாலைச் சிறுமி ஒருத்தி வண்டி மோதி இறந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு வருமானம் ஏது? ஈமச் செலவு போன்றவற்றுக்கு அப்பால் பெற்றோருக்குச் சொல்லத்தக்க இழப்பு எதுவும் இல்லை என்பதே பழைய நிலை. வைத்தியக் கவலையீனத்தால் இறந்த ஒரு சிறுமியின் வழக்கிலும், அன்பையும் துணையையும் இழந்ததற்கு நட்டஈடு இல்லை என்றே உயர் நீதிமன்றம் தீர்த்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். பெற்ற மனம் அதை ஏற்குமா? 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இக்குறையை நீக்க வந்தது. அன்பும் பராமரிப்பும் இழந்த நெருங்கிய குடும்பத்தவர் இப்போது வழக்கிடலாம்.

காயமுற்றவரிடமும் பிழை இருந்தால் என் செய்வது? ஓடும் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கியவர் விழுந்தார் எனக் கொள்வோம். 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவரை வெறுங்கையுடன் அனுப்புவதில்லை. அவருடைய பிழையின் அளவுக்கேற்ப நட்டஈட்டைக் குறைக்கிறது.

விபத்து நேர்ந்தவுடன் சாரதி வண்டியை நிறுத்தி, காயமுற்றவருக்கு உதவி, பொலிசாருக்கும் அறிவிக்க வேண்டும். சனங்களுக்கு அஞ்சித் தப்பியோடுவோர் உளர். அச்சத்துக்குக் காரணம் இருக்கலாம், எனினும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கேனும் அவர்கள் போகலாமே. 2025 மே 11ஆந் திகதி அதிகாலையில் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய பேரிடரை நாடே அறியும். ஒற்றை மனிதர் ஒருவர் தெருவோரத்தில் அடிபட்டால், வண்டியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளவும் சிலவேளை ஆள் இராது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. நீதவான் நீதிமன்றில் சாரதிக்கு விதிக்கப்படும் தண்டப்பணம் காயமுற்றவரின் கைக்கு வருவதன்று. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றில் வேறாக வழக்கிட வேண்டும். 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புச் சட்டப்படி அதற்கு உள்ள தவணை இரண்டு ஆண்டுகளே. "குற்றவழக்கு முடியட்டும், பார்ப்போம்" என்று குடும்பத்தார் காத்திருப்பர். அந்த வழக்கோ தவணை தவணையாய்த் தள்ளிப்போகும். இரண்டு ஆண்டு எல்லை அதற்காகக் காத்திருப்பதில்லை.