தோழியின் சொல்லும் தோழமையின் மௌனமும்



அகத்திணையில் காதலர் தனித்து இயங்குவதில்லை. நட்பும் உடன் இயங்குகிறது. தலைவனின் நெஞ்சம் நெகிழ்ந்தமை கண்ட பாங்கன் முதலில் இடித்துரைப்பான். இதனைக் கழறல் என்பர். காதலின் உண்மை உணர்ந்த பின்னரே துணைநிற்பான். தோழியோ குறையிரந்து வருவோனை எளிதில் ஏற்காள், சேட்படுத்துவாள், இரவில் வருதலின் ஏதம் எடுத்துரைப்பாள், வரைவு கடாவுவாள், வேண்டுங்கால் அறத்தொடு நிற்பாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளிலும், தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்றேயாகும். ஆக, சங்க நட்பு வாய்திறந்து பேசிய நட்பு.

இன்றைய கல்லூரி நட்போ பேசாமலேயே ஆட்டிவைக்கிறது. அமெரிக்க மாணவரிடையே, உறவுக்கு உறுதி ஏதுமின்றிக் கூடிப் பிரியும் வழக்கம் குறித்து லாம்பர்ட், கான், ஆப்பிள் என்னும் மூவர் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். இவ்வழக்கம் உமக்கு எவ்வளவு உடன்பாடு, பிற மாணவர்க்கு எவ்வளவு உடன்பாடாயிருக்கும் என இருவகையாக வினவினர். ஆடவரும் மகளிரும், தம்மினும் பிறர்க்கே உடன்பாடு மிகுதி என்றனர். எல்லாரும் பிறரினும் தயக்கம் மிக்கவராய் இருத்தல் எங்ஙனம் கூடும்? ஒவ்வொருவரும் தம் தயக்கத்தை மறைத்தனர். பிறர் மறைத்ததையோ இசைவென மயங்கினர். ஆடவர், மகளிரின் உடன்பாட்டையும் மிகைபடவே மதிப்பிட்டனர். விரும்பாத பெண்ணை விரும்புவாளாகக் கொள்ளும் இடர் இங்கேதான் பிறக்கிறது.

அந்நாட்டு வழக்கத்தை நம் கல்லூரிகளில் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் மயக்கம் ஒன்றே. பெண் திரும்பிப் பார்த்தாலே சம்மதம் என்று நண்பனை உந்திவிடும் தோழர் கூட்டத்தைத் திரைப்படங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. கழறவேண்டிய பாங்கன் கைதட்டுகிறான். மறுத்துரைக்க வேண்டிய தோழி, தன்னைப் பழமைவாதி என்பார்களோ என அஞ்சி வாளாவிருக்கிறாள். கைதட்டியவர் அனைவரும் உள்ளத்தால் உடன்பட்டவர் அல்லர் என்பதை அந்த இளைஞன் அறியான். அவன் செயலின் சுமையோ அப்பெண்மேல் விழுகிறது.

காதலைத் தடுக்கும் காவலராக நண்பர் மாறவேண்டும் என்று யான் கூறவில்லை. பாங்கனும் தோழியும் காதலுக்குப் பகைவர் அல்லர். “எனக்கு இது சரியாகப் படவில்லை” என ஒருவர் வாய்திறந்தால் போதும். அவ்வாறே எண்ணியிருந்த பிறர்க்கும் நாவெழும்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். காதலர் கூற்றாக எத்தனையோ கவிதைகள் எழுதுகிறோம். பாங்கன் கூற்றும் தோழி கூற்றும் இன்றைய மொழியில் எழவேண்டும். அவற்றைப் படிக்கும் மாணவன் கைதட்டுமுன் ஒரு கணம் தயங்குவானாயின், அதுவே கவிதையின் பயன் எனக் கூறி அமைகிறேன்.