கடனும் நாணயமும்: பொறுப்புக்குரிய தகுதி



மந்தணக் கோப்புகளைக் கையாளும் அரசுப் பணிக்கு ஒருவரை அமர்த்துமுன் நம் நாட்டில் நடைபெறும் ஆய்வுக்கு மலாய்மொழியில் ‘தாப்பிசான் கெசலாமாத்தான்’ என்பது பெயர். பிரதமர் துறையின்கீழுள்ள அரசாங்கத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம் அதனை நடத்துகிறது. ‘தாப்பிஸ்’ என்றால் வடிகட்டுதல். ரப்பர்ப் பாலைச் சல்லடையில் வடித்துப் பட்டைத் துணுக்குகளை நீக்கியதைக் கண்ட சிலிம் ரிவர் மக்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. மனிதரை வடிக்கும்போது சல்லடையில் தங்குவன எவை என்பதே நம் கேள்வி.

தமிழ் இதற்கு முன்பே ஒரு குறிப்பை வைத்திருக்கிறது. ‘நாணயம்’ காசையும் குறிக்கும், வாய்மையையும் குறிக்கும். ‘கடன்’ திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும், ஆற்றவேண்டிய கடமையையும் குறிக்கும். புறநானூற்றில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர்க்குக் கூறும் கடன் இவ்விரண்டாம் பொருளதே.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலையில் பெயர் எழுதத் தகாதவரைச் சுட்டுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். உறவினரையும் விலக்கியது கடுமைதான். ஆயினும் பிறர் பொருளைக் கையாண்டவர் கணக்கொப்பித்தாரா என்று கேட்டது சரியான கேள்வி.

கடன்பட்டவரை ஏன் ஐயுறுகின்றனர்? இலங்கைத் தோட்டங்களில் வழங்கிய ‘துண்டு’ முறையை நினைத்துப் பாருங்கள். தொழிலாளியின் கடன்தொகை எழுதிய அச்சீட்டைப் பெற்றுப் பணம் செலுத்துபவர் அவரைத் தம் தோட்டத்திற்கு அழைத்துக்கொள்ளலாம். 1921இல் அம்முறை ஒழிந்தது. ஒருவர் கடனை வாங்கிக்கொள்பவர் அவரையே வாங்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிடைக்கவில்லை. மந்தணம் காக்கும் அதிகாரி வட்டிக்காரரிடம் அகப்பட்டால், விலைபேசப்படுவது அவர் உழைப்பு மட்டுமன்று.

நம் நாட்டுப் பொது அதிகாரிகளின் நடத்தை, ஒழுங்கு பற்றிய 1993ஆம் ஆண்டு விதிமுறைகள் இதனை எண்ணாலேயே வரையறுக்கின்றன. ஈடில்லாக் கடன்களின் கூட்டுத்தொகை மாத ஊதியத்தைப்போல் பத்து மடங்கைக் கடந்தால் அது கடும் கடன்நிலை. 3,000 ரிங்கிட் பெறுபவர்க்கு எல்லை 30,000. நீதிமன்றம் தீர்ப்பளித்த கடனை ஒரு மாதத்திற்குள் அடைக்காமையும், திவாலாதலும் அவ்வாறே. அரசுப் பள்ளி ஆசிரியர்களையும் இவ்விதிகள் கட்டும்.

அமெரிக்காவில் 2017 சூன் 8 முதல் நடப்பிலுள்ள பதின்மூன்று நெறிகளுள் ஒன்று தனிநடத்தை பற்றியது, மற்றொன்று பணநிலை பற்றியது. நோயாலும் வேலையிழப்பாலும் வந்த கடனை, ஊதாரித்தனத்தால் வந்த கடனோடு அவை சமமாக வைப்பதில்லை. அடைக்க முயன்றவர்க்கு அம்முயற்சி துணையாகிறது. படிவத்தில் வேண்டுமென்றே மறைத்தலோ தனிக் குற்றமாகிறது. இவ்வேறுபாடு அறிவுடையது என்பது நம் கருத்து. தோட்டம் துண்டாடப்பட்டு வேலையிழந்த தந்தையின் கடனைச் சுமக்கும் பிள்ளையையும் சூதாடியையும் ஒரே சல்லடையில் இட்டு ஒன்றாகத் தள்ளலாகாது அல்லவா?

காவற்படைக்கோ அரசுப் பணிக்கோ விண்ணப்பிக்கவிருக்கும் மாணவர்களே, உயர்கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்திய பற்றுச்சீட்டுகளைப் பாதுகாத்து வையுங்கள். படிவம் கேட்டதை உள்ளவாறே எழுதுங்கள். ஆசிரியர்களே, நண்பர் ஒருவர் பிணைக் கையொப்பம் கேட்டால், அவர் கடன் வாங்குவது வங்கியிடமா, கூட்டுறவுக் கழகத்திடமா, ‘ஆலோங்’ ஒருவரிடமா என்பதை முதலில் கேளுங்கள். வட்டித்தொழில் செய்வோரிடம் பிணை நிற்பதையும் அவ்விதிமுறைகள் தடுத்திருக்கின்றன.