சிறகடிக்கத் துணை நிற்றல்



நம் நாட்டு வீடுகள் பலவற்றின் விறாந்தைகளிலே பச்சையும் நீலமும் மஞ்சளுமான சிறு கிளிகள் கம்பிக் கூடுகளிற் சலசலத்துக்கொண்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடைத்தெருவில் அவற்றை 'லவ் பேட்ஸ்' என்பர். உண்மையில் அப்பெயருக்குரிய இனம் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. நாம் பெரும்பாலும் வளர்ப்பது பட்ஜரிகர் என்னும் அவுஸ்திரேலியக் கிளியாகும். ஜோன் கூல்ட் என்னும் பறவையியலறிஞர் 1840ஆம் ஆண்டில் இவற்றுட் சிலவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் இவ்வினம் உலகெங்கும் வீட்டுப் பறவையாகப் பரவிற்று.

இதன் தாயகம் அக்கண்டத்தின் வறண்ட உள்நாட்டுப் பகுதி. காட்டிலே வாழும் பட்ஜரிகர் ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர் நீளமும் 30 கிராம் நிறையுமே உடையது. ஆயினும், மழை பெய்த இடத்தையும் புல் விதைத்த இடத்தையும் நாடி, ஆயிரக்கணக்கிற் கூட்டமாக நெடுந்தூரம் பறந்து திரிவது. பறத்தல் அதற்கு விளையாட்டன்று, பிழைப்பே அதுதான்.

அத்தகைய பறவை, கூட்டின் கதவைத் திறந்துவிட்டாலும் வெளியே வர அஞ்சுகின்றது; வந்தாற் கல்லைப் போலத் தரையில் விழுகின்றது. இதற்குப் பறக்கக் கற்பிப்பது எவ்வாறு என்று கேட்போர் உளர். பறத்தலை நாம் கற்பிக்க வேண்டியதில்லை என்பதே அதற்கு விடை. டக்ளஸ் ஸ்போல்டிங் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், 1870களில், சிறகு முளைக்காத தகைவிலான் குஞ்சுகளைச் சிறகு விரிக்க இடமில்லாத சிறு பெட்டியில் வைத்து வளர்த்தார். உரிய பருவத்தில் விடுவித்தபோது, எவரும் காட்டித் தராமலே அவை பறந்தன. பறக்கும் அறிவு பறவையுடன் பிறந்தது. கூட்டிலே கிடந்து அது இழப்பவை மூன்று: இறகு, தசைவலிமை, துணிவு. அவற்றை மீட்டுக் கொடுப்பதே வளர்ப்பவர் கடமை.

முதலில் இறகைப் பாருங்கள். பறவை ஓடிவிடாதபடி விற்பவர்களே சிறகை வெட்டிவிடுவதுண்டு. ஒவ்வொரு சிறகிலும் நுனிப்புறத்தே பத்துப் பெரிய இறகுகள் இருத்தல் வேண்டும். அவை வெட்டப்பட்டிருந்தால், எவ்வளவு பழக்கினும் பயனில்லை. வெட்டிய இறகு வளராது. அது உதிர்ந்து புதிய இறகு முளைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குச் சில மாதங்களும் செல்லலாம். வளரும் இறகின் தண்டிலே இரத்தம் ஓடுவதால் அதனைப் பிடுங்குதலும் நசுக்குதலும் ஆகா. வெட்டாமலே பெரிய இறகுகள் உதிர்ந்துகொண்டிருந்தாலும், ஒரு சிறகு தொங்கினாலும், அது நோயாகவோ காயமாகவோ இருக்கலாம். அப்பறவையைப் பழக்க முற்படாது மிருக வைத்தியரிடம் காட்டுக.

இரண்டாவது, இடம். விசிறியை நிறுத்துங்கள். கதவையும் சாளரங்களையும் அடையுங்கள். கண்ணாடியை வெளியென்று எண்ணிப் பறவை மோதும் ஆதலால், கண்ணாடிச் சாளரத்தையும் நிலைக்கண்ணாடியையும் துணியால் மூடுங்கள். நீர் நிறைந்த வாளி திறந்திருத்தலாகாது. பூனை அறையில் இருத்தலாகாது. சமையலறைப் பக்கம் பறவையை விடவே வேண்டாம். ஒட்டாத பூச்சுடைய தாச்சி அளவுக்கு மீறிச் சூடேறும்போது எழும் ஆவி, நமக்குத் தெரியாமலே பறவையைக் கொன்றுவிடும்.

மூன்றாவது, பயிற்சி. பறவை சற்றுப் பசித்திருக்கும் காலை வேளையே நன்று. அதன் அடிவயிற்றருகே விரலை மெல்ல வைத்தால் விரலில் ஏறும். ஏறியதும் சிறிது தினை கொடுங்கள். இது பழகிய பின், தரையிற் பாயையும் தலையணைகளையும் பரப்பி, தாழ்ந்த ஓரிடத்திற் பறவையை இருத்தி, ஒரு சாண் தூரத்தில் தினைக்கதிரைக் காட்டுங்கள். முதலில் எட்டி நடக்கும், பின்னர்த் தாவும். சாணை முழமாக்குங்கள், முழத்தை இரண்டு முழமாக்குங்கள். தாவும்போது சிறகு தானே விரியும். எழும்புவதைக் காட்டிலும் இறங்குவதே கடினம்; தூரத்தை அளந்து, வேகத்தைத் தணித்து, காலை நீட்டி இறங்குதல் பழக்கத்தாலன்றி வாராது. அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றைய பாடம் முடிந்தது. பத்து நிமிடமே போதும்.

பறவையை மேலே தூக்கி எறிந்தாற் பறந்துவிடும் என்பது பலரின் எண்ணம். இது கொடிய தவறு. பலமற்ற பறவை மார்பெலும்பு அடிபட விழும். அதன் பின் உங்கள் கையையும் நம்பாது. அதனைத் துரத்திப் பிடித்துக் கூட்டில் அடைப்பதும் அவ்வாறே. கூட்டினுள் உணவை வைத்துக் கதவைத் திறந்து விட்டாற் பசித்த பறவை தானே திரும்பும்.

எமது பாடசாலையிற் கற்கும் சிறுமி ஒருத்தி, தன் கிளிக்குப் புதிய இறகு முளைத்துவிட்டதென்றும், அது போய்விடும் என அஞ்சித் தகப்பனார் மீண்டும் வெட்ட நினைக்கிறார் என்றும் என்னிடம் வந்து சொன்னாள். "சாளரத்தை அடைக்கச் சொல், பிள்ளை, சிறகை வெட்ட வேண்டாம் என்று ஐயாவிடம் நான் சொன்னதாகச் சொல்" என்றேன். அவரும் இசைந்தார். சில வாரங்களின் பின், அக்கிளி அலுமாரியின் மேலிருந்து பறந்து வந்து அவர் தோளிலேயே இறங்கியதாக அவள் சொல்லி மகிழ்ந்தாள். சிறகு வெட்டிய பறவையும் நம் தோளில் இருக்கும். வேறு போக்கில்லாமையால் இருக்கும். பறக்க வல்ல பறவை வந்து அமர்வதே அன்பு.

ஆயின், அன்பின் பெயராலே இதனை வெளியில் விட்டுவிடுவதும் தகாது. பல தலைமுறையாகக் கூட்டிற் பிறந்து வளர்ந்த இப்பறவைக்கு நம் நாட்டு வெளியில் இரை தேடவும் காகத்துக்கும் வல்லூற்றுக்கும் தப்பவும் தெரியாது. அது விடுதலையன்று, கைவிடுதல். காப்பான அறையும் நாள்தோறும் சிறிது நேரமுமே நாம் கொடுக்கக்கூடிய வானம்.

பிள்ளைகளை வளர்ப்போருக்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. ஆற்றல் அவர்களிடத்தே உள்ளது. அஞ்சி அதனை வெட்டாமலும், அவசரப்பட்டுத் தூக்கி எறியாமலும், ஒரு சாண் தூரத்தில் கையை நீட்டிக் காத்திருக்க நாம் பழகிக்கொள்ள வேண்டும்.