காளைக்கு நீர் அடைத்தால் காத்திருக்காதீர்கள்

(பண்ணை ஒலிபரப்பில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மாடு தீனி தின்னுதா, அசை போடுதா, சாணம் எப்படிப் போடுது என்று தினமும் பார்க்கிறோம். மூத்திரம் சரியாகப் பெய்யுதா என்று பார்ப்பவர்கள் குறைவு. காளை, எருது, ஆட்டுக்கிடா வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நீரடைப்பு வந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும்.

முதலில் மூத்திரம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். முதுகெலும்புக்குக் கீழே, இடுப்புப் பக்கமாக இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. கறிக்கடையில் குண்டிக்காய் என்கிறோமே, அதுதான். ஆட்டுக்கு அது அவரை விதை போல வழவழப்பாக இருக்கும். மாட்டுக்கோ ஏறக்குறைய இருபது துண்டுகள் ஒட்டிச் சேர்ந்த குலை மாதிரி இருக்கும்.

போகிப் பண்டிகைக்கு வீட்டை எப்படிச் சுத்தம் செய்கிறோம்? எல்லாச் சாமானையும் திண்ணையில் கொண்டுவந்து வைக்கிறோம். வேண்டியதை மறுபடி உள்ளே எடுத்துக்கொண்டு, வேண்டாததைத் தள்ளிவிடுகிறோம். சிறுநீரகமும் இதைத்தான் செய்கிறது. அதிலுள்ள பல லட்சம் நுண்ணிய சல்லடைகள் இரத்தத்திலிருந்து நீரையும் அதில் கரைந்துள்ள சத்தையும் கழிவையும் சேர்த்தே வடிக்கின்றன. பிறகு நல்ல நீரையும் சத்தையும் நுண்ணிய குழாய்கள் திரும்ப உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. மனிதனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகிறது. வெளியே வருவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். பெரிய மாடு நாளொன்றுக்கு 10 முதல் 20 லிட்டர் வரை மூத்திரம் பெய்யும்.

இந்த நீர் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக மூத்திரப்பையில் வந்து சேருகிறது. பை நிறைந்ததும் தாரை வழியாக வெளியேறுகிறது.

கல் ஏன் உண்டாகிறது?

குடிக்கத் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் இன்னும் அதிகமாக நீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மூத்திரம் கெட்டியாகும். உப்பளத்தில் நீர் வற்ற வற்ற உப்பு உறைகிறதல்லவா? அதுபோல மூத்திரத்தில் உள்ள உப்புகள் மணல் மணலாக உறைந்து கல்லாகின்றன.

இரண்டாவது காரணம் தீனி. நம்மில் பலர் கிடாவுக்குச் சீக்கிரம் சதை பிடிக்கட்டும் என்று தவிட்டையும் தானியத்தையும் அள்ளி வைக்கிறோம். அரிசித் தவிட்டில் மணிச்சத்து மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தழையும் வைக்கோலும் தின்று நன்றாக அசை போடும் பிராணிக்கு எச்சில் நிறைய ஊறும். மிஞ்சிய மணிச்சத்து அந்த எச்சிலோடு வயிற்றுக்குப் போய்ச் சாணத்தில் கழிந்துவிடும். தவிடு மிகுந்து தழை குறைந்தால் அசை குறையும், எச்சில் குறையும். மிஞ்சின மணிச்சத்து மூத்திரத்தில் இறங்கிக் கல்லாகிறது. பக்ரீத் விற்பனைக்காகக் கொட்டிலிலும் பரணிலும் கட்டிக் கொழுக்க வைக்கும் கிடாக்களுக்கு இந்தத் தொல்லை அதிகமாக வருவதற்கு இதுதான் காரணம்.

பசுவுக்கும் பெட்டை ஆட்டுக்கும் கல் உண்டாகாமல் இல்லை. ஆனால் அவற்றின் மூத்திரத் தாரை குட்டை, அகலம், நேரானது. சின்னக் கல் தானே வெளியே போய்விடும். ஆணுக்குத் தாரை நீளம், குறுகலும்கூட. போதாததற்கு விதைப்பைக்குப் பின்னால் பாம்பு வளைந்தாற்போல ஒரு வளைவும் இருக்கிறது. எருதுக்குப் பெரும்பாலும் அந்த வளைவில்தான் கல் சிக்கும். கிடாவுக்குக் குறியின் நுனியில் புழு மாதிரி ஒரு சின்ன வால் இருக்கும். அநேகமாக அதில் போய் அடைக்கும்.

காய் அடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. விதையில் ஊறும் சுரப்பினால்தான் தாரை வளர்ந்து அகலமாகிறது. குட்டி பிறந்த சில வாரங்களிலேயே காய் அடித்துவிட்டால் தாரை குறுகலாகவே நின்றுவிடும். ஆகவே நாலைந்து மாதமாவது பொறுத்துக் காய் அடிப்பது நல்லது.

அடைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

காளை நடந்துகொண்டே மூத்திரம் பெய்யும்போது மண்ணில் வளைந்து வளைந்து ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நம் முன்னோர் சித்திரகவியில் ஒரு வகைக்குக் கோமூத்திரி என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கோடு அறாமல் விழுகிறவரை கவலை இல்லை. சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள்.

அடைப்பு வந்த பிராணி முதுகை வளைத்து நின்று முக்கும். வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். வயிற்றைக் காலால் உதைக்கும். பல்லைக் கடிக்கும், தீனி எடுக்காது. குறிமுனையில் உள்ள மயிர் ஈரமில்லாமல் காய்ந்திருக்கும். விரலால் நெருடினால் சில சமயம் மணல் தட்டுப்படும். சொட்டும் நீரில் இரத்தச் சாயலும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் காய்ந்த தரையில் தனியாகக் கட்டி, தரை நனைகிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். முக்குவதைப் பார்த்துவிட்டு, 'சாணம் கட்டிக்கிச்சு போல' என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டு நேரத்தைப் போக்கிவிடுகிறார்கள். இன்னொன்று அதைவிட மோசம். 'ராத்திரி பூரா உதைச்சுக்கிட்டுக் கெடந்துச்சுங்க, காலையில தானா அமைதியாயிடுச்சு' என்று சொல்லி நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மூத்திரம் வராமலேயே வலி அடங்கினால் நோய் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. மூத்திரப்பை வெடித்திருக்கலாம்! பை வெடித்ததும் இறுக்கம் விட்டுப் பிராணி அமைதியாகத் தெரியும். பிறகு மூத்திரம் வயிற்றுக்குள் தேங்கி இருபுறமும் வயிறு உப்பும், கழிவு மறுபடி இரத்தத்தில் ஏறும். தாரை கிழிந்தால் அடிவயிற்றுத் தோலுக்குக் கீழே வீங்கும். அந்த நிலைக்கு வந்த பிராணியைப் பிழைக்க வைப்பது மிகவும் கஷ்டம்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

அடைப்பு என்று தெரிந்தால் தவிட்டையும் அடர்தீவனத்தையும் உடனே நிறுத்துங்கள். வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டாதீர்கள். வாழைத்தண்டுச் சாற்றையும் நெருஞ்சிக் கஷாயத்தையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மடை அடைத்திருக்கும்போது வாய்க்காலில் தண்ணீரைக் கூட்டி விட்டால் என்ன ஆகும்? கரைதானே உடையும்? நீர் பிரிக்கும் எந்த மருந்தும் அப்படித்தான். வழி திறந்த பிறகு என்ன கொடுக்கலாம் என்பதை மருத்துவர் சொல்வார்.

தாமதிக்காமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கொண்டுபோக வழியில்லை என்றால் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். கடைசியாக எப்போது மூத்திரம் பெய்தது, என்ன தீனி போட்டீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள். கிடாவுக்கு நுனி வாலில் மட்டும் கல் இருந்தால் அதைக் கத்தரித்துவிட்டாலே சில சமயம் நீர் பீறிட்டு வந்துவிடும். மற்றபடி குழாய் வைத்தோ அறுவை செய்தோ வழி உண்டாக்கலாம். பை வெடிப்பதற்கு முன்னால் வந்தால்தான் இதெல்லாம் நல்ல பலன் தரும்.

வராமல் தடுப்பது எப்படி?

தண்ணீர்தான் முதல் மருந்து. வேலை செய்யும் எருதுக்குக் கோடையில் 50, 60 லிட்டர்கூடத் தேவைப்படும். காலையும் மாலையும் மட்டும் காட்டினால் போதாது. தொட்டியை நிழலில் வைத்து, பாசி பிடிக்காமல் கழுவி, எந்நேரமும் குடிக்கும்படி வையுங்கள்.

உப்பு தின்றால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிக்கும், மூத்திரம் தெளியும். எருதுக்குத் தினம் 30 கிராம், ஆட்டுக்கு 5 கிராம் அளவில் கல்லுப்பைத் தீனியோடு கலந்து கொடுங்கள். தண்ணீர் தாராளமாக இருந்தால்தான் உப்பால் நன்மை; தண்ணீர் இல்லாமல் உப்பை மட்டும் கொடுப்பது கெடுதல்.

தவிட்டை மட்டுமே நம்பாதீர்கள். அகத்தி, வேலிமசால், குதிரைமசால் போன்ற பசுந்தழைகளில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. மொத்தத் தீனியில் சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்கும் மணிச்சத்து ஒரு பங்கும் இருப்பது நல்லது. எந்தத் தாது உப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்று உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உழவுக்கும் வண்டிக்கும் எருதைப் பூட்டுவது இப்போது குறைந்துவிட்டது. ஆனாலும் ஒரு நல்ல ஜோடியை இழந்தால் அந்தக் குடும்பம் தாங்காது. ஒரு வருஷம் வளர்த்த கிடா விற்பனைக்கு முந்தின வாரம் செத்தாலும் அதே நஷ்டம்தான். ஆகவே காலையில் கொட்டிலைக் கூட்டும்போது சாணத்தைப் பார்ப்பதுபோல, ஒவ்வொன்றின் கீழேயும் தரை நனைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். காய்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள்.