மார்பிழந்தவள் மூளியா?

(எட்டயபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மார்பில் புற்றுநோய் கண்டு, மார்பை அறுத்தெடுத்துப் பிழைத்து வந்த பெண்களைப் பற்றி இன்று பேசப் போகிறோம் என்றதும், இதையெல்லாம் மேடையில் பேசலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். கோபுரத்திலும் தேரிலும் பெண்ணின் மார்பைச் செதுக்கி வைத்து ஊர்வலம் விடுகிற ஜனங்களுக்கு, அதே மார்பில் வந்த வியாதியைப் பேசினால் மாத்திரம் வெட்கம் வந்துவிடுகிறது!

நமது கரிசல் சீமையில் அப்படிப்பட்ட பெண் ஊர் திரும்பினால் அவளுக்குக் கிடைக்கிற பட்டம் என்ன? "மூளி" என்பதாகும். வாய் உடைந்த பானைக்கும், பின்னமான சிலைக்கும், புருஷனை இழந்தவளுக்கும் வைத்திருக்கிற அதே பெயர். பிறகு ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடுவதில்லை. வளைகாப்புக்குக் கூப்பிட்டாலும் பின்வரிசைதான். ஜின்னிங் மெஷினில் விரலைப் பறிகொடுத்தவனோ சபையில் முன்னால் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றுகிறான். விரல் போனவன் முழு மனிதன், மார்பு போனவள் அரைப் பெண் என்ற இந்தக் கணக்கை எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்கிறோம்.

புராணக்காரர்களாவது ஒரு நிதானத்தில் நிற்கிறார்களா? மதுரை மீனாட்சி மூன்று முலையோடு பிறந்தாள், புருஷனைக் கண்டவுடன் ஒன்று மறைந்தது என்றார்கள், கும்பிடுகிறீர்கள். கண்ணகி இடது முலையைத் திருகி எறிந்து அந்த மதுரையை எரித்தாள் என்றார்கள். கற்புக்கரசி என்று கொண்டாடி, 1968-இல் சென்னைக் கடற்கரையில் சிலையும் வைத்தாயிற்று. அதே மதுரையில் டாக்டர் ஒரு மார்பை எடுத்து உயிரைக் காப்பாற்றி அனுப்பினால், அவள் மாத்திரம் அபசகுனமா? ஊரை எரித்தவள் தெய்வம், உயிர் பிழைத்தவள் மூளி என்பது எந்த அறிவுக்குப் பொருந்தும்?

இதனால் போவது மானம் மாத்திரமல்ல, உயிரும் போகிறது. இந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டாலும், புருஷன் என்ன நினைப்பான், ஊர் என்ன சொல்லும் என்று மறைத்துக்கொண்டே மிளகாய் பறிக்கவும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய் வருகிறாள். கட்டி உடைந்து புண்ணான பிறகுதான் வீட்டுக்கே தெரிகிறது. அதற்குப் பெயர் தலைவிதியாம்!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். பெண்ணின் உடம்பைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தோடு போராடி, 1947-இல் அது சட்டப்படி ஒழியக் காரணமாயிருந்தவர். தமது தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த அம்மையாரே 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். அன்று அங்கே 12 படுக்கைகள்.

வைத்தியம் எப்படி மாறியது என்பதையும் கவனியுங்கள். நம்மூர் பாரதியார் பிறந்த 1882-ஆம் வருஷத்தில்தான் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற டாக்டர் மார்பையும் அதன் அடியிலுள்ள தசையையும் சேர்த்து எடுக்கும் முறையைத் தொடங்கினார். பல தலைமுறை டாக்டர்கள் அதையே செய்தார்கள். ஆனால் பெரியவர் சொன்னார் என்று அதோடு விட்டுவிடவில்லை. இத்தாலியில் வெரோனேசி 1981-லும், அமெரிக்காவில் ஃபிஷர் 1985-லும் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். ஆரம்பக் கட்டத்தில் கட்டியை மாத்திரம் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் பிழைப்பது ஒன்றேதான் என்று தெரிந்தது. மனுவின் சுலோகத்தை இப்படி ஒருவராவது சோதித்துப் பார்த்ததுண்டா? அப்படியிருக்க, மார்பு போய்விடுமே என்று பயந்து மறைக்கிறவளுக்கே, நாளாகி மார்பு முழுவதும் போகிறது.

சரி, போய்விட்டது. பிறகு? தழும்பைப் பார்க்க முதலில் அவளுக்கே மனம் வராது, அழுவாள். அழட்டும். தைரியமாயிரு என்று உபதேசம் செய்ய நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மார்புதான் பெண் என்று பாட்டிலும் சினிமாவிலும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தானே.

ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளத் துணிப்பை தைத்து நம் காட்டுப் பஞ்சையே அடைக்கலாம். வெறும் பஞ்சு மேலே ஏறிக்கொள்ளும். எடைக்குக் கொஞ்சம் தானியம் சேர்த்தால் நிற்கும். வேறு இடத்துத் தசையை எடுத்துப் புது மார்பு அமைக்கவும் டாக்டர்களால் முடியும். ஒன்றும் வேண்டாம், இப்படியே இருக்கிறேன் என்றாலும் அது அவள் இஷ்டம். பொய் மார்பு வைப்பது சுயமரியாதைக்கு இழுக்கல்லவா என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். அவர் பல்செட்டு மாட்டிக்கொண்டுதான் கேட்டார்!

புருஷர்களுக்கு ஒரு வார்த்தை. சுயமரியாதைத் திருமணத்தில் நீங்கள் உறுதி கூறியது ஒரு தோழிக்கு; அவளுடைய அங்கக் கணக்குக்கு அல்ல. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. ஆனால் எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆகையால் உங்கள் வீட்டில் ஒருத்தி கட்டி என்று சொன்னால், மந்திரிக்கவும் வேண்டாம், அறுவடை முடியட்டும் என்று தள்ளவும் வேண்டாம். அந்த வாரத்திலேயே நெல்லைக்கோ மதுரைக்கோ பஸ் ஏறுங்கள். அவளைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.