ஆஸ்பத்திரியில் ஒருவர், வயற்காட்டில் ஒருவர்



வீட்டுப் பெரியவர் ஒருவர் கடும் நோயோடு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் படுத்திருக்கிறார். இங்கேயோ நடவு நேரம். மாட்டைக் கறக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். "வேலைக்குப் போனா அவங்களைப் பார்க்க முடியலை, பார்க்கப் போனா அடுப்பு எரியலை" என்று புருஷனும் பெண்சாதியும் தவிக்கிறீர்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வேலைக்குப் போவது நோயாளியைக் கைவிடுவது ஆகாது. கூலி வந்தால்தானே பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் நடக்கும்? ஆகவே, எந்த நாளில் கட்டாயம் போக வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள். ஆபரேஷன் நாள், வீட்டுக்கு அனுப்பும் நாள், டாக்டர் பேசக் கூப்பிடும் நாள்: இந்த நாட்களில் வேலையை விடுங்கள். மற்ற நாட்களில் ஒருவர் துணை இருந்தால் போதும். பார்வையாளர் நேரத்தை வார்டு நர்ஸிடம் கேட்டு, அதற்கேற்ற பஸ்ஸைப் பிடியுங்கள்.

துணை இருப்பதை முறை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோருக்கும் பங்கு உண்டு. மருமகள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். பெண்கள் வார்டில் இரவு பெண்தான் தங்க வேண்டுமென்றால், வீட்டில் உலை வைப்பதும் பிள்ளைக்குத் தலை வாருவதும் ஆணின் வேலை. அதனால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. டாக்டர் சொன்னது, கொடுத்த மருந்து, எடுத்த பரிசோதனை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முறை மாறி வருபவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

ஊரே வேன் பிடித்துப் போய்ப் படுக்கையைச் சூழ்ந்து நிற்பது அன்பாகாது. சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் போகவே கூடாது. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சிறு பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். போனில் பேச வையுங்கள்.

நகையை அடகு வைக்கும் முன், 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதையும் ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துப் போய், மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரியுங்கள். கந்து வட்டிக்காரரிடம் ஓட வேண்டாம்.

துணை இருப்பவரும் மனுஷன்தான். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை விடக்கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் தாய்மார்கள் மாத்திரை அட்டையையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அலைச்சலில் நாள் தவறினால் பலன் குறையலாம். குழந்தையின் புதன்கிழமைத் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள்; வீட்டில் இருப்பவர் தூக்கிப் போகட்டும். இராத்திரி கண் விழித்தவர் விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கிளம்ப வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். ஒரு படுக்கை இரண்டு படுக்கை ஆகிவிடக் கூடாதல்லவா?

கடைசியாக ஒன்று. "நிலைமை மோசம், வேண்டியவங்களை வரச் சொல்லுங்க" என்று டாக்டர் சொன்னால் கணக்குப் பார்க்காதீர்கள். கையில் உள்ள நாற்றுக் கட்டைக் கீழே வைத்துவிட்டுப் புறப்படுங்கள். நடவை நாளை நடலாம். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள நாளை முடியாமல் போகலாம்.

இன்றிரவே புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து, யார் எப்போது போவது என்று பேசி முடிவு செய்யுங்கள்.