பைத்தியப் பட்டம்
(சிவகாசியில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



நாம் சாமியைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதுவும் வரும். முதலில் ஒரு மூட்டைக் கணக்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

விருதுநகரில் ஒரு மண்டியில் பன்னிரண்டு வருஷம் கணக்கெழுதிய தோழர் ஒருவருக்கு மனநோய் கண்டது. மூன்று மாதம் சர்க்கார் ஆஸ்பத்திரி மருந்து சாப்பிட்டுக் குணமாகித் திரும்பினார். முதலாளி, "உன் கணக்கில் தப்பில்லையப்பா, ஆனால் பைத்தியக்காரன் எழுதிய கணக்கென்று ஊர் சொல்லும்" என்று அனுப்பிவிட்டார். நாம் போய்க் கேட்டதற்கு, "லட்சுமி தங்குகிற இடமல்லவா" என்றும் சேர்த்துக்கொண்டார். அதே முதலாளி போன வருஷம் நெஞ்சுவலியால் இரண்டு மாதம் படுத்திருந்தார். திரும்பி வந்தவரைப் பார்த்து, நெஞ்சுநோய்க்காரன் கல்லாவில் உட்காரலாமா என்று எவனாவது கேட்டானா? நெஞ்சும் உடம்பு, மூளையும் உடம்பு. ஒரு நோய்க்கு ஆரஞ்சுப் பழமும் மற்றொன்றுக்குச் சீட்டுக் கிழிப்பும் ஏன் என்று கேட்கிறோம்.

ஏனென்றால், நெஞ்சில் வந்ததை நோய் என்கிறோம். மூளையில் வந்ததைப் பேய் என்றும், பூர்வஜென்ம வினை என்றும் நம்பவைத்திருக்கிறார்கள். நோயென்றால் வைத்தியரிடம் போவான். பேயென்றால் சங்கிலியைத் தேடுவான். அந்தச் சங்கிலியின் பலனை 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் கண்டோம். ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டப்பட்டுக் கிடந்த 28 பேர் வெந்து செத்தார்கள். ஓடத் தெரியாமலா செத்தார்கள்? 1985 வரை நம் ஊரும் அந்த இராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தது, தூரதேசத்துக் கதையல்ல. தர்கா என்றதும் சிரிக்கிற தோழர்கள், குணசீலத்துக்கு 48 நாளைக்குக் கூட்டிப்போகிறவர்கள் யார் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இங்கே பட்டாசு ஆபீஸ்காரர்கள், "மருந்து புழங்குகிற இடத்தில் இவர்களை எப்படி விடுவது?" என்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மருந்து கலக்கும் அறைக்கு எவரை விடலாம் என்பதை வைத்தியரைக் கேட்டு, ஆளுக்கு ஆள் பார்த்துத் தீர்மானிக்கட்டும். ஆனால் பெட்டி ஒட்டவும், லேபில் ஒட்டவும், அச்சாபீஸில் தாள் மடிக்கவும் என்ன ஆபத்து? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்களே, அது எந்த மனநோயாளி வைத்த தீ? அளவுக்கு மீறிய மருந்தும் அளவுக்கு மீறிய ஆள்களும் என்றல்லவா அப்போது பேசப்பட்டது! லாபப் பித்துக்கு மட்டும் ஒரு சீட்டும் கிழிவதில்லை.

இவ்வூர் வியாபாரிகளுக்கு இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறோம். "நீ வந்தால் தீட்டு" என்று கோவில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் உங்கள் முன்னோர்கள். 1899-ல் இதே சிவகாசியில் அதற்காக வீடுகள் கொளுத்தப்பட்டன. அந்தத் தழும்புள்ள கையால் இன்னொருவனுக்குக் கதவைச் சாத்தலாமா?

சட்டமும் இருக்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்துக்கொண்டது. தனியார் கம்பெனியும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்கிறது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடுத்தது. 2021 டிசம்பரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று? ஒருவர் நடத்தைக்கு மனநோயும் ஒரு காரணமாயிருக்கையில் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகமான பாகுபாடு என்றே சொல்லிற்று. சர்க்கார் உத்தியோகத்துக்குச் சட்டத்தின் காவல் அதிகம். மண்டி வேலைக்குக் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆகவேதான் ஊராரின் வாய் வேண்டியிருக்கிறது. "ஊர் சொல்லும்" என்றுதானே முதலாளி பயப்படுகிறார்? நல்லதைச் சொல்லட்டுமே ஊர்!

வருகிற ஞாயிறு காலை அந்த மண்டிக்கு நாம் மறுபடி போகிறோம். அவர் எழுதிய பழைய பேரேடுகளைப் பிரித்து, தப்பு எங்கே என்று காட்டும்படி கேட்கப் போகிறோம். உடன்வர இஷ்டமுள்ள தோழர்கள், முக்கியமாய் அங்கே சரக்கு வாங்கும் வியாபாரிகள், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.